ஜமீன் வீட்டு அம்மாளின் செடித் தாள், மழைக் கணக்கு, பயண நோட்டு: பங்கு பிரிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

பாலாற்றங்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பழைய வட ஆற்காட்டு ஜமீன் குடும்பம் ஒன்றின் வீடு, வேலூர்ப் பக்கம். அவர்கள் சம்மதம் இன்னும் கிடைக்காததால் பெயர் போடவில்லை. அந்த வீட்டில் துரைசானி அம்மாள் ஒருவர் விட்டுச் சென்ற தாள்கள் இரண்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு தேக்கு பீரோவிலும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகாதவர். தமிழும் தெலுங்கும் வீட்டு வாத்தியாரிடம் படித்திருக்கிறார். ஆங்கிலமும் செடியியலும் தாமாகவே கற்றதாகத் தெரிகிறது. ஜவ்வாது மலை, ஏலகிரி, நீலகிரி, இலங்கை, காசி, டார்ஜிலிங் என்று பயணம் செய்து, போன இடமெல்லாம் செடி எடுத்திருக்கிறார்.

இருப்பவை: கணக்கு நோட்டு 31, பழைய செய்தித்தாளுக்குள் மடித்து வைத்த உலர்ந்த செடிகள் சுமார் 400, மழைப் பதிவேடு 4, நாடா போட்டுக் கட்டிய கடிதக் கட்டு 9, கண்ணாடி நெகட்டிவ் சுமார் 60, மருத்துவ ஓலைச்சுவடி 2 கட்டு. கண்ணுக்குத் தெரிந்த வரை 1898 முதல் 1937 வரை.

வீட்டை ஐப்பசி மழைக்கு முன் காலி செய்கிறார்கள். வீட்டார் பேசி வைத்திருப்பது இது: செடிகள் ஒரு கல்லூரிக்கு, நிலம் பற்றிப் பேச்சு வருவதால் கடிதங்கள் வக்கீலிடம், பயண நோட்டுகள் அச்சிட விரும்பும் ஒருவரிடம், மிச்சம் பழைய பேப்பர்க்காரரிடம்.

என் கேள்விகள். எந்த வரிசையில் பிரிப்பது? சில செடித் தாள்களில் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கிறது, அது என்ன? சில நோட்டுகளில் பழுப்பு மசி எழுத்து இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. கண்ணாடித் தகடுகள் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடைசியாக, யாரிடம் கொடுக்கலாம்?

சுவடிக்கட்டு

வணக்கம். முதலில் அந்தப் பங்கீட்டை நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற எல்லா வேலையையும் விட இதுதான் அவசரம்.

காரணம், செடித் தாளில் இருக்கும் எண். நோட்டில் 217 என்று எழுதி, இடம், தேதி, உயரம், பூவின் நிறம் குறித்திருப்பார். அதே 217 சின்னச் சீட்டாகச் செடியோடு கிடக்கும். கடிதக் கட்டில் எங்கோ, கல்கத்தாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு தாவரவியலாளர் “உங்கள் 217 இன்ன செடி” என்று பதில் எழுதியிருப்பார். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்த அம்மாள் செய்தது அறிவியல் என்று நிறுவ முடியும். பிரித்துவிட்டால் கல்லூரிக்குப் போனது பெயர் தெரியாத காய்ந்த செடி. அச்சுக்குப் போனது நடுநடுவே புரியாத எண்கள் வரும் பயணக் கதை. வக்கீலிடம் இருப்பது யாருக்கும் பயன்படாத லத்தீன் பட்டியல்.

உயர்குடிப் பெண்களின் ஆய்வுத் தாள்களுக்கு இந்தச் சிதறல் பல நாடுகளில் நேர்ந்திருக்கிறது. சென்னை கவர்னரின் மனைவி ஹென்ரியெட்டா கிளைவ் 1800-இல் இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர் வழியாக மைசூர் நாட்டுக்குப் பயணம் போனார். வழியெல்லாம் செடியும் கல்லும் சேகரித்தவர். இன்று அவருடைய கனிமத் தொகுப்பு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் அருங்காட்சியகத்தில், பொருள்கள் அந்நாட்டின் போவிஸ் கோட்டையில், கடிதங்கள் வேறு நூலகங்களில். ஒன்றை வைத்து ஒன்றைப் படிக்க வேண்டுமானால் ஊர் ஊராகப் போக வேண்டும். அங்கே பட்டியல்களாவது பிழைத்தன. இங்கே பழைய பேப்பர்க்காரரிடம் போனால் அதுவும் இல்லை.

எனவே முதல் வேலை, எதையும் எடுக்காமல் படம் பிடிப்பது. பெட்டி மூடியபடி ஒரு படம், திறந்ததும் ஒன்று, பிறகு ஒவ்வோர் அடுக்கு எடுக்கும்போதும் ஒன்று. பக்கத்தில் பெட்டி எண் எழுதிய சீட்டும் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். பிறகு மூன்றடுக்கு எண் கொடுங்கள்: பெட்டி, கட்டு, உருப்படி. 2/5/14 என்றால் இரண்டாம் பெட்டி, ஐந்தாம் கட்டு, பதினான்காவது தாள். கட்டிலிருந்து எடுத்த இடம் தெரிந்தால் போதும். பொருள் வாரியாக அடுக்கும் ஆசையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அவர் அடுக்கிய வரிசையே ஒரு சான்று. எண்ணை 2பி பென்சிலால் பின்பக்கக் கீழ் மூலையில் மெல்ல எழுதலாம். நொறுங்கும் தாளானால் உறையின் மேல் மட்டும். பேனா, ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம்.

நோட்டின் பக்கங்களுக்கு நடுவே இலை, சீட்டு, ரயில் டிக்கெட் கிடந்தால் எந்தப் பக்கத்துக்கும் எந்தப் பக்கத்துக்கும் நடுவே என்று குறித்துவிட்டு உறையில் போடுங்கள், உறை மேல் அந்தப் பக்க எண். துருப்பிடித்த குண்டூசியை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது எந்தெந்தத் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது என்று எழுதிய பிறகு.

பட்டியலில் எண், வகை, மொழி, தேதி (அவர் எழுதியபடியே), பக்கங்கள், நிலை, தொடர்புள்ள செடி எண் என்று ஏழு பத்தி இருந்தால் போதும். “தொடர்புள்ள செடி எண்” பத்திதான் பிற்பாடு உயிர்.

தேதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் தடுமாறும் இடம். தமிழ் வருஷப் பெயர் மட்டும் போட்டிருப்பார். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயர் என்பதால் சௌமிய என்றால் 1909-10, ஆனந்த என்றால் 1914-15, காளயுக்தி 1918-19, பிரபவ 1927-28. உங்கள் தாள்களின் காலத்துக்குள் ஒவ்வொரு பெயரும் ஒருமுறைதான் வரும், குழப்பமில்லை. தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஆனந்த வருஷம் மாசி என்றால் 1915. தேதியே இல்லாத தாளுக்கு ஊர்ப் பெயர் உதவும். “சித்தூர், வட ஆற்காடு ஜில்லா” என்று இருந்தால் அது 1911-க்கு முந்தைய பழக்கம். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது. கடித உறையில் தபால் தலை போயிருந்தாலும் முத்திரை இருக்கும், உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மழைப் பதிவேட்டில் 1.25 என்றிருந்தால் ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75 மி.மீ. அக்காலத்தில் அங்குலத்தை நூறாகப் பகுத்து சென்ட் என்பார்கள். காலை 8 மணிக்கு அளப்பது வழக்கம். 15-ஆம் தேதியில் எழுதியது 14 காலை முதல் 15 காலை வரை பெய்தது. பதிவேட்டில் 1903 நவம்பர் இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் படம் எடுங்கள். பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வாணியம்பாடிப் பக்கம் பெரும் நாசம் செய்த மாதம் அது. உள்ளூரில் ஒருவர் நாள்தோறும் அளந்த கணக்கு கிடைப்பது அரிது.

வேலூர் வெயில்

கடிதங்களை லேமினேட் செய்துவிட்டால் கெட்டியாக இருக்குமே? ஓலைக்கு லெமன்கிராஸ் எண்ணெய் தடவுவார்கள், அதையே நோட்டுக்கும் தடவலாமா? அந்துருண்டை போட்டால் பூச்சி வராது என்பதும் பொதுவாகச் சொல்வது.

தாள் பராமரிப்பு

வேலூர் வெயில் சார், லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் தாள் உள்ளுக்குள்ளேயே பொடியும். செல்லோடேப்பும் அப்படித்தான், சில ஆண்டில் மஞ்சளாகிக் கறை நின்றுவிடும். லெமன்கிராஸ் எண்ணெய் ஓலைக்கு மட்டும். வறண்ட ஓலைக்கு வளைவு கொடுக்கும், பூச்சியை விரட்டும். தாளில் பட்டால் எண்ணெய்க் கறைதான். ஓலையிலும் மசி தடவாமல் வெறும் கீறலாக இருக்கிறதா, கறுப்பு ஏற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். அந்துருண்டை புழுவைக் கொல்வதை விட மனிதரை அதிகம் பாதிக்கும். அதன் ஆவி குளிர்ந்து தாள் மேலேயே மீண்டும் படியும்.

பழுப்பு மசி பற்றி. அது கடுக்காய் போன்ற துவர்ப்பொருளையும் அன்னபேதி எனும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்த மசி. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், பல்லாண்டு கழித்துப் பழுப்பாகும். அன்னபேதி அளவு மிஞ்சிய மசியில் கந்தக அமிலமும் தாளோடு சேராத இரும்பும் தங்கிவிடும். இரண்டும் தாளின் நாரை அரிக்கும். கனமாக எழுதிய இடம், அடிக்கோடு, கையெழுத்துச் சுழி ஆகியவை முதலில் உதிர்வது அதனால்தான். இந்தப் பக்கங்களில் தண்ணீர் படவே கூடாது. மைதாப் பசை வைத்து ஒட்டினால் அந்த ஈரத்தில் இரும்பு எழுத்தைத் தாண்டிப் பக்கத்துத் தாளுக்கும் பரவும். ஒட்டிய இடமே அடுத்து உடையும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: நோட்டை 90 பாகைக்கு மேல் விரிக்காமல் இருபுறமும் மடித்த துணி வைத்துத் தாங்குவது, ஓட்டையான பக்கத்துக்கு முன்னும் பின்னும் அமிலமில்லா மெல்லிய தாள் வைப்பது, உதிர்ந்த துண்டுகளைப் பக்க எண் போட்ட சிறு உறையில் சேர்ப்பது. மிச்சம் கைதேர்ந்தவர் வேலை. அவர் ஜெலட்டின் பூசி உலர்த்திய ஜப்பானிய மெல்லிழைத் தாளைச் சொட்டு ஈரத்தில் ஒட்டுவார்.

ஈரம்தான் பெரிய பகை. நம்ம ஊர்ச் சித்திரை, வைகாசி 40 டிகிரி தாண்டினாலும் காற்று வறண்டிருக்கும். தாள் முறியும், ஆனால் பூஞ்சை வராது. ஐப்பசி, கார்த்திகையில்தான் எல்லாம் கெடும். காற்றின் ஈரப்பதம் 65 சதத்துக்கு மேல் சில நாள் நின்றால் பூஞ்சை. 45 முதல் 55-க்குள் இருந்தால் நல்லது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். ஓட்டுக்கூரைக்கு நேர் கீழ் வேண்டாம், சமையலறைச் சுவரோ குளியலறைச் சுவரோ ஒட்டி வேண்டாம். இரும்பு அலமாரியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும், அந்த இடைவெளியில் மண்கோடு தெரிந்துவிடும்.

சுற்றுவதற்குப் பருத்தித் துணி போதும், ஆனால் கஞ்சி முழுக்கப் போகும்படி இரண்டு மூன்று தடவை அலசி உலர்த்திய துணி. தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்தது, பச்சை இலை ஈரம் கொண்டுவரும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம், தாளில் நேரே படாமல்.

உயிரோடு பூச்சி இருந்தால் (புதிதாகப் பொடி கொட்டும், சிறு ஓட்டைகளின் விளிம்பு வெளுப்பாகத் தெரியும்) நோட்டையும் செடியையும் குளிர்வித்துக் கொல்லலாம். தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கமாக ஒட்டி, பெட்டி ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-இல் தடுமாறும் என்றால் இரண்டு வாரம். வேகமாகக் குளிர வேண்டும், மெல்லக் குளிர்ந்தால் புழு பழகிக்கொண்டு பிழைக்கும். எனவே இன்னும் முழுக்கக் குளிராத ஃப்ரீசரில் மொத்தமாகத் திணிக்காதீர்கள். மின்சாரம் நீண்ட நேரம் போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வையுங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் தாள் மேல் வியர்த்து எல்லா உழைப்பும் வீண். கண்ணாடித் தகடுகளை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பூஞ்சை இருந்தால் ஈரமாக இருக்கும்போது தேய்க்க வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், உலர்ந்து பொடியான பிறகு திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் வெளிநோக்கித் தள்ளுங்கள், முகக்கவசத்தோடு. வெயிலில் காயவைப்பது பழைய பழக்கம், தாளும் மசியும் அதில் வெளுத்துவிடும்.

மலைச்செடி

வெள்ளைப் பொடி பற்றி நான் சொல்கிறேன், தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

அந்துருண்டைப் படிகம் என்றால் மணமே காட்டிக்கொடுக்கும், காற்றில் நாளாகக் குறையும். பூஞ்சை என்றால் நூல் நூலாக, செடி மேலும் தாள் மேலும் படர்ந்திருக்கும். மூன்றாவது நஞ்சு. அக்காலத்தில் உலர்செடியைப் பூச்சியிடமிருந்து காக்க, சித்த வைத்தியத்தில் வீரம் எனப்படும் பாதரச உப்பைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவது வழக்கம். சிலர் வெள்ளைப் பாஷாணமும் பயன்படுத்தினார்கள். செடியைச் சுற்றித் தாளில் சாம்பல் நிறக் கறை, அடுத்த தாளில் செடியின் வடிவிலேயே கருத்த நிழல் இருந்தால் பாதரசம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மணமில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது.

ஊதாதீர்கள், தட்டாதீர்கள், தூரிகை போடாதீர்கள். நைட்ரைல் கையுறை, சன்னல் திறந்த அறை, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முகக்கவசம் பொடியைத் தடுக்கும், பாதரச ஆவியைத் தடுக்காது, எனவே நெடுநேரம் மூடிய அறையில் உட்கார வேண்டாம். இந்தத் தாள்களை ஃப்ரீசருக்கும் அனுப்ப வேண்டாம், உணவு வைக்கும் ஃப்ரீசரில் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வெளியுறையில் “நஞ்சு இருக்கலாம்” என்று பெரிதாக எழுதி வையுங்கள். யாரிடம் ஒப்படைத்தாலும் முதல் வரியில் அதைச் சொல்ல வேண்டும்.

செடி மடித்திருக்கும் பழைய செய்தித்தாளை மாற்றாதீர்கள். அதில் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகுதான் செடியை அந்தத் தாளில் வைத்தார் என்று உறுதி சொல்லும் சாட்சி அது. அதை அப்படியே வைத்து, வெளியே அமிலமில்லாத் தாளில் இன்னொரு மடிப்பு போடுங்கள். உதிர்ந்த விதை, பூ, காய் எல்லாம் மடித்த சிறு தாளுறையில், அதே எண்ணோடு. பத்துப் பத்துத் தாளாக இரண்டு அட்டைக்கு நடுவே படுக்கவைத்து அடுக்குங்கள், செங்குத்தாக நிறுத்தினால் இலை நொறுங்கும்.

அவர் போட்ட செடிப் பெயர் இன்று மாறியிருக்கும். அதை அடித்துத் திருத்தாதீர்கள். புதுப் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி, எழுதியவர் பெயரும் தேதியும் போட்டுப் பக்கத்தில் வைப்பதுதான் முறை. அவர் போட்ட பெயரே அவர் எந்த நூலை வைத்துப் படித்தார் என்று சொல்லும். ஹூக்கரின் ஏழு பாகம் கொண்ட பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல் 1872 முதல் 1897 வரை வந்தது. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் 1915-இல் தொடங்கி, அவர் காலமான பின் ஃபிஷர் முடித்து 1936-இல் நிறைவடைந்தது. 1905-ஆம் ஆண்டுச் செடிக்குக் கேம்பிள் கொடுத்த பெயர் இருந்தால், பின்னாளில் உட்கார்ந்து மறுபடி பெயர் பார்த்திருக்கிறார் என்று பொருள். வீட்டிலிருந்தபடி இருபது வருஷம் தன் சேகரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்த ஒரு மனத்தை அங்கே பார்க்கலாம். இதற்காகத்தான் பிரிக்காதீர்கள் என்கிறோம்.

இடத்தைச் சரிபார்க்க உயரம் நல்ல கருவி. அவர் அடிக்கணக்கில் எழுதியிருப்பார். வேலூர் நகரம் சுமார் 700 அடி, ஏலகிரி 3,500 அடிக்கு மேல். “ஏலகிரி, 1,200 அடி” என்றால் மலையடிவாரத்தில் எடுத்தது. சந்தனமும் கடுக்காயும் ஜவ்வாது மலையில் இயல்பு, வியப்பில்லை. தேயிலைத் தோட்டத்துக் களைச்செடிக்கு ஜவ்வாது எண் இருந்தால் சீட்டு இடம் மாறியிருக்கிறது.

ஒரே எண்ணில் இரண்டு தாள் இருந்தால் மட்டும் ஒன்றைப் பிரித்துக் கொடுக்கலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் (உலர்செடிக் காப்பகம்), திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் ஆகியவை தென்னிந்தியச் செடிகளுக்கு முதன்மையான இடங்கள். அங்கே ஏற்கெனவே இவர் அனுப்பிய இரட்டைகள் இருக்கவும் கூடும். தேடும்போது இவர் பெயரில் மட்டும் தேடாதீர்கள். கணவர் பெயர், ஜமீன் பெயர், திவான் அல்லது மானேஜர் பெயர், வெறும் முதலெழுத்து, எல்லாவற்றிலும் தேடுங்கள். பவேரிய இளவரசி தெரேசா (1850–1925) நல்ல முன்மாதிரி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலத்தில் தாமாகவே படித்து, பிரேசில் வரை போய்ச் செடியும் விலங்கும் சேகரித்தவர். 1897-இல் மியூனிக் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. தொடக்கக்கால நூல்களில் அவர் போட்ட பெயர் “தெ. ஃபான் பாயர்”. பெண் என்றோ இளவரசி என்றோ அட்டையில் தெரியாது. அரச குடும்பத்துப் பெண்ணுக்கே அந்த நிலை என்றால் வட ஆற்காட்டு ஜமீன் அந்தப்புரத்தில் எப்படி இருந்திருக்கும்!

கண்ணாடித்தகடு

ஒட்டிக்கொண்ட தகடுகளைப் பிரிக்க முயலாதீர்கள். மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகி அடுத்த தகட்டோடு ஒட்டியிருக்கிறது, நெம்பினால் படம் கண்ணாடியை விட்டு உரிந்துவிடும். ஒட்டியபடியே ஒரு கட்டாக வைத்துக் குறித்துவிடுங்கள்.

மற்றவற்றை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். சாய்த்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும் பக்கம் பூச்சு, பளபளப்பது வெறும் கண்ணாடி. வெறும் கண்ணாடிப் பக்கத்தை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைக்கலாம். நாற்புறமும் மடியும் தாளுறையில் போட்டு, நீள விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள், நடுநடுவே கெட்டி அட்டை. படுக்கவைத்து அடுக்கினால் கீழ்த் தகடு எடை தாங்காமல் உடையும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்துவைத்து மீண்டும் ஒட்டவைக்கும். தகட்டின் அளவையும் எழுதுங்கள்: 3¼ × 4¼ அங்குலம் கால் தகடு, 4¾ × 6½ அரைத் தகடு, 6½ × 8½ முழுத் தகடு. 3¼ சதுரமானால் அது திரையில் காட்டும் லாந்தர் வில்லை, அதாவது அவர் யாருக்கோ பேசிக் காட்டியிருக்கலாம். கடிதங்களில் அதற்கு அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் சுருள் பிலிம் கிடந்து, பழுப்பேறிப் பிசுபிசுத்து நெடி அடித்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம். வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

படமெடுக்க, டேப்லெட் திரையை முழு வெள்ளையாக்கி, அதற்கு இரண்டு அங்குலம் மேலே பால்வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்து, அதன்மேல் நெகட்டிவ். நேரே திரைமேல் வைத்தால் திரைப் புள்ளிகள் படத்தில் வரும்.

நோட்டுகளுக்கு ஸ்கேனர் வேண்டாம், கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். மேலிருந்து கேமரா, இருபுறமும் 45 பாகையில் விளக்கு, 400 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஈடான நுணுக்கம். ஏ4 பக்கம் ஒன்று சுருக்காத டிஃப் கோப்பாக 46 எம்பி வரும். நாலாயிரம் பக்கத்துக்கு 185 ஜிபி, எனவே வன்தட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். கைப்பேசி ஸ்கேன் செயலிகள் பின்னணியை வெளுக்கவைக்கும்போது மங்கலான பென்சில் எழுத்து காணாமல் போகும். கோப்புப் பெயர் சுவடிக்கட்டு சொன்ன அதே மூன்றடுக்கு எண்ணாக இருக்கட்டும்.

ஒப்படைப்பு

யாரிடம் கொடுப்பது என்பதற்கு முன், யார் கொடுக்கலாம் என்பதைத் தீருங்கள். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இல்லாமல் எந்த நல்ல நிறுவனமும் வாங்காது. தாள் யாருடையது என்பதும் எழுத்தின் பதிப்புரிமை யாருடையது என்பதும் வேறு வேறு. துரைசானி அம்மாள் எழுதியவற்றுக்கு அவர் வாரிசுகள், அவருக்கு வந்த கடிதங்களுக்கு அதை எழுதியவர்களின் வாரிசுகள். பயண நோட்டை அச்சிட விரும்புகிறவருக்கு நல்ல படப் பிரதியும் எழுத்தில் அனுமதியும் கொடுங்கள், மூல நோட்டு தேவையில்லை. வக்கீலுக்கும் நிலம் பற்றிய கடிதங்களின் படப் பிரதி. நீதிமன்றம் மூலத்தைக் கேட்டால் அந்தத் தாளை மட்டும், எண்ணைக் குறித்து ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்து, திரும்பியதும் அதே இடத்தில் வைப்பது.

வெளிநாட்டுக்காரர் யாராவது விலை பேசினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதி, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. படப் பிரதி அனுப்பலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமும் மூலத்தைச் சொந்த நாட்டிலேயே வைத்துப் படமெடுக்கத்தான் நிதி தருகிறது. விண்ணப்பத்தில் உங்கள் உருப்படிப் பட்டியல்தான் பேசும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எழுதிக் கேட்க வேண்டிய இடங்கள்: தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் (சுவடியும் ஹெர்பேரியமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் உங்கள் தொகுப்புக்குப் பொருத்தம்). வேலூரிலேயே இருக்க வேண்டுமென்று வீட்டார் விரும்பினால் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம். பராமரிப்பு ஆலோசனைக்குச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதிப் பராமரிப்பு ஆய்வகம் உண்டு. பொருளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஐந்து பக்கப் பட்டியலும் இருபது படமும் முதலில் அனுப்புங்கள்.

ஒப்படைப்புக் கடிதத்தில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, செடிகளை வேறிடத்தில் வைக்க நேர்ந்தால் இரண்டு பட்டியலிலும் ஒன்றை ஒன்று குறிக்க வேண்டும், தொகுப்பு அந்த அம்மாளின் பெயரில் இருக்க வேண்டும், ஜமீன் பெயரிலோ கணவர் பெயரிலோ அல்ல, குடும்பத்துக்கு முழுப் படப் பிரதி, ஆய்வாளர்கள் பார்க்க என்று முதல் திறக்கும். “கொடை” என்றால் திரும்ப வராது, “வைப்பு” என்றால் வரும். எது என்று எழுத்தில் போடுங்கள்.

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டாரிடம் பேசிவிட்டேன், பங்கீட்டை நிறுத்திவைக்கச் சம்மதித்தார்கள். படம் எடுக்கத் தொடங்கிவிட்டோம். ஒரு சந்தேகம் மட்டும். நோட்டுகள் பெரும்பாலும் அழகான ஒரே கையெழுத்தில் இருக்கின்றன, அது கணக்குப்பிள்ளையுடையது என்று பத்திரங்களோடு ஒப்பிட்டதில் தெரிகிறது. பெட்டி அடியில் பென்சிலில் கிறுக்கிய துண்டுச் சீட்டுகள் ஒரு சாக்குப் பை நிறைய. அதே விஷயம்தான் நோட்டில் சுத்தமாக இருக்கிறதே, சீட்டுகளைக் கழித்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

சுவடிக்கட்டு

கழிக்கவே கூடாது. அந்தச் சாக்குப் பைதான் தொகுப்பிலேயே முதன்மையானது. மலையில் நின்று அவர் கையால் எழுதியது அது, நோட்டு பிறகு படியெடுத்தது. படியெடுத்தவருக்குச் செடி தெரியாது. லத்தீன் பெயரில் எழுத்து மாறும், 1-ம் 7-ம் குழம்பும், அவருக்குப் புரியாத குறிப்பை விட்டிருப்பார். நோட்டில் செடி எண்ணும் தேதியும் ஒத்துவராத இடங்களைத் தீர்க்க வேறு வழி இல்லை. பிற்காலத்தில் யாராவது “இதெல்லாம் கணக்குப்பிள்ளை எழுதியது, அந்த அம்மாள் எழுதியதல்ல” என்று சொன்னால் பதில் சொல்லப் போவதும் அந்தச் சீட்டுகள்தான்.

சாக்கில் கலந்து கிடப்பதால் வரிசை போய்விட்டதே என்று தளர வேண்டாம். பிடிப்பிடியாக எடுத்து, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு கட்டு எண். ஒரே தாளிலிருந்து கிழித்த சீட்டுகளின் கிழிந்த விளிம்புகள் பொருந்தும். பென்சிலின் அழுத்தம், தாளின் கோடு, மடிப்பு எல்லாம் உதவும். எழுத்து பழைய ணை, லை, னை வடிவிலும் புள்ளி வைக்காமலும் இருக்கும், எண்கள் தமிழ் எண்ணாக இருக்கலாம். பென்சில் தேயும் என்பதால் ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் தனித்தனி மடிப்புறை. படமெடுக்கும்போது விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படமும் எடுங்கள், மங்கிப்போன எழுத்தின் பள்ளம் தெரியும். பட்டியலில் இரண்டு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: யார் கையெழுத்து, நோட்டில் எந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகிறது.